சட்டை மாற்றும் பொம்மை

அத்தியாயம் 7

பொம்மைக்கு நேற்று மாலை வரை இரண்டு கை இருந்தது. இன்று காலையில் ஒன்றுதான் இருந்தது.

"மூணாவது தபா சார்," என்றார் மேஸ்திரி ரகுபதி. "நேத்து சாயங்காலம் நானே ரெண்டு கையிலயும் வைக்கோலு திணிச்சிட்டுப் போனேன். காலையில வந்து பாத்தா சட்டை வேற, இடது கையக் காணோம். இனிமே என் ஆளுங்க இங்க சாந்துச் சட்டி தூக்க மாட்டாங்க. நானும் தூக்கச் சொல்ல மாட்டேன்."

"பொம்மைக்கு ஆக்சிடென்ட் போல," என்றாள் மெர்சி. "ஈ.எஸ்.ஐ. கார்டு எடுத்து வச்சிருக்கீங்களா மேஸ்திரி?"

ரகுபதி சிரிக்கவில்லை. மணல் குவியலுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கி நின்ற சித்தாள்களும் சிரிக்கவில்லை. இன்னொரு முறை மேலே பார்த்ததும் மெர்சியும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

பாதி இடிந்த பால்கனிக்கு முன்னால் சவுக்குக் கொம்பில் தொங்கியது அந்தத் திருஷ்டி பொம்மை. மண்சட்டியில் வரைந்த முழி, கரி மீசை, துருத்திய நாக்கு. காற்றில் மெதுவாகத் திரும்பி வீட்டைப் பார்த்தது. மறுபடி திரும்பி இவர்களைப் பார்த்தது. இடது சட்டைக் கை முழங்கைக்குச் சற்றுக் கீழே முடிந்து மூடிக் கிடந்தது.

துப்பறிவாளர் தாண்டவராயன் இந்தப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் இருபது வருஷம் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தவர். நல்ல பீஸ்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் ஒரு கெட்ட பீஸை முறைத்தே பிடித்துவிடுவார். வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பேக்கரி மாடியில் ஏஜென்சி வைத்தார். வருகிற கேஸில் முக்கால்வாசி, மாப்பிள்ளை பெர்மனென்ட்டா காண்ட்ராக்டா என்று விசாரிப்பதுதான். மெர்சி அவருடைய ஒரே உதவியாள். செல்போன் கம்பெனி லைனில் வேலை பார்த்தவள். லைன் நின்றுபோயிற்று, அவள் வாய் மட்டும் நிற்கவில்லை.

இன்று அவர்களை வடக்குப்பட்டுக்கு வரவழைத்தவள் மதிவதனி. நாற்பது வயது, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு. அவளுடைய அப்பா சண்முகசுந்தரம் சனி, ஞாயிறு வந்து தங்குவதற்காக இந்த வீட்டைக் கட்டியபோது சுற்றிலும் வேர்க்கடலைக் கொல்லை. இப்போது மூன்று பக்கம் கம்பெனிக் காம்பவுண்டு, நாலாவது பக்கம் கண்டெய்னர் லாரி ஓடும் ரோடு. நடுவில் இந்த ஒரு துண்டு நிலம் மட்டும் பத்து வருஷமாக ஆள் நடமாட்டம் இல்லாமல் சீமைக்கருவேலமும் எருக்குமாக மண்டிவிட்டது. ஜே.சி.பி. வைத்துப் பாதியை வழித்தாயிற்று. மீதிப் பாதிக்குள் போக டிரைவர் மறுத்துவிட்டான். சமையலறைச் சுவரைப் பிளந்துகொண்டு ஓர் அரசமரம் உள்ளே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. பட்டப்பகலிலும் வீட்டுக்குள்ளிருந்து ஈரவாடை வந்தது.

"இடிச்சுத் தள்ளிட்டுப் புதுசாவே கட்டியிருக்கலாமே?" என்று கேட்டார் தாண்டவராயன்.

"அம்மா விடல. பழைய மாதிரியே இருக்கணுமாம், ஜன்னல் பச்சை பெயின்ட் உட்பட. தம்பி வந்தா அடையாளம் தெரியணுமாம்." மதிவதனி பெருமூச்சு விட்டாள். "அவன் வர மாட்டான் சார். ரெண்டாயிரத்துப் பதினஞ்சு வெள்ளத்தப்போ இந்த வீட்லதான் அப்பாகூட சண்டை போட்டுட்டு பைக்க எடுத்துட்டுப் போனான். பைக் மட்டும் செம்பரம்பாக்கம் பக்கம் தண்ணியில கிடைச்சுது. பகலவன் போயிட்டான்னு அப்பா சொன்னார். நானும் அழுது முடிச்சுட்டேன். அம்மா மட்டும் அழல. இன்னிவரைக்கும் அழல."

போன வருஷம் அப்பாவும் போய்விட்டார். சாவி கைக்கு வந்தது, வேலை ஆரம்பித்தது, பொம்மை கட்டினார்கள். அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்தச் சட்டை மாற்றம்.

"நாளன்னைக்குத் தை அமாவாசை," என்றாள் மதிவதனி. "தம்பியோட ஆத்மாதான் சாந்தி இல்லாம இந்த வீட்டைச் சுத்துதுன்னு ஐயர் சொல்றார். தர்ப்பையில ஓர் உருவம் செஞ்சு, அதை அவனா நினைச்சு எரிச்சு, கருமம் பண்ணிடலாம்கிறார். அம்மா ஒத்துக்கல. அவன் இருக்கானா இல்லையான்னு அதுக்குள்ள நீங்கதான் சொல்லணும். உசுரோட இருக்கறவனுக்குக் கொள்ளி வச்ச பாவம் எங்களுக்கு வேண்டாம் சார்."

"பேய் தம்பியோடதுன்னு ஐயருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மதிவதனி தலையைக் குனிந்துகொண்டாள். ரகுபதிதான் பதில் சொன்னார்.

"பொம்மைக்குப் போட்டது அந்தத் தம்பி சட்டை சார். உசுரோட இருக்கறவன் சட்டைய நாங்க பொம்மைக்குப் போட மாட்டோம். ஊரு கண்ணு மொத்தமும் சட்டைக்காரன் மேல பூடும். செத்தவங்க துணி இருந்தா குடுங்கன்னு கேட்டேன். மேடம் மாடி ரூமு பீரோவுல இருந்து எடுத்துக் குடுத்தாங்க."

"அப்பா சட்டையும் இருந்துது," என்றாள் மதிவதனி மெல்ல. "கீழ் ரூம்ல ஆணியில தொங்குது. அதைக் கொடுக்க மனசு வரல. ஒண்ணு போகப் போக இன்னொண்ணா பகலவன் சட்டையைத்தான் கொடுத்தேன். முதல் சட்டையைக் கொடுத்த அன்னையிலேர்ந்து அம்மா என்கிட்ட பேசறதில்ல. பேயாவது மண்ணாவது, என் புள்ள வந்து அவன் சட்டைய எடுத்துட்டுப் போறான்னு சுவத்தைப் பாத்துச் சொல்றாங்க."

பொம்மை இன்னொரு முறை திரும்பியது.

* * *

பால்கனி சன்ஷேடில் ஏறுவதற்குள் தாண்டவராயனுக்கு மூச்சு வாங்கியது. மெர்சி முன்னாலேயே ஏறிப் பொம்மையோடு நேருக்கு நேர் நின்றாள்.

"சார், இங்க வாங்க. பேய்க்குப் பல்லு கீது."

பொம்மையின் இடுப்பைக் கொம்போடு கட்டியிருந்த நைலான் கயிற்றின் முடிச்சில் வரிசையாகப் பல் தடம் பதிந்திருந்தது. கீழேயிருந்து ரகுபதி கத்தினார்: "அதான் சார் சொன்னேன்! மனுசன் எவனாவது கயித்தக் கடிப்பானா?"

தாண்டவராயனின் முதுகில் லேசாகச் சில்லிட்டது. வெளியே காட்டிக்கொள்ளாமல் சன்ஷேடைப் பார்த்தார். பொம்மைக் கையிலிருந்து எடுத்த வைக்கோலை யாரோ அழகாகச் சுருட்டி, ஓரமாக வைத்திருந்தார்கள். தொட்டுப் பார்த்தார். சுற்றிலும் சிமென்ட் பனியில் நனைந்திருந்தது. வைக்கோல் மேலே காய்ந்திருந்தது, அடியில் மட்டும் ஈரம்.

"பனி பெய்து முடிச்சப்புறம் வச்சிருக்காங்க," என்றார். "பேய் நடுராத்திரியில வரல. விடியக்காலையில வந்திருக்கு. மேஸ்திரி, மூணு தடவைன்னு சொன்னீங்களே, எத்தனை நாளைக்கு ஒருக்கா?"

"மூணு வாரத்துக்கு ஒரு தபா வருது சார். நடுவுல ரெண்டு வாரம் மேடம் வாட்ச்மேன் போட்டாங்க. அப்ப ஒண்ணும் வரல. வாட்ச்மேன நிறுத்துனாங்க, வந்துட்டுது."

மெர்சி விரல் விட்டு எண்ணினாள். முகம் மலர்ந்தது.

"ஒரு வாரம் காலைல, ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் நைட்டு. சார், இந்தப் பேய்க்கு ரொட்டேஷன் ஷிப்ட்டு! நைட் ஷிப்ட் முடிஞ்சி, விடியக்காலைல கம்பெனி பஸ்ல இந்த ரோட்ல இறங்கி, சட்டைய மாத்திட்டு வூட்டுக்குப் போவுது. செத்தும் நிம்மதி இல்ல பாரு."

"நல்லா சொன்ன," என்றார் தாண்டவராயன். அவளைப் பாராட்டுவது அவருக்கு அபூர்வம். ரகுபதியின் சம்மதத்தோடு சட்டையைக் கழற்றினார். முதல் இரண்டு முறை கிடைத்த சட்டைகளை ரகுபதி பயந்துபோய்க் கொளுத்திவிட்டாராம். இது ஒன்றுதான் மிச்சம்.

சாம்பல் நிற யூனிஃபார்ம். மார்பில் கம்பெனிப் பட்டையைப் பிரித்தெடுத்த நூல் தடம். பட்டன்கள் வெளியே தெரியவில்லை, மேலே ஒரு துணிப்பட்டி மூடியிருந்தது.

"கார் கம்பெனிச் சட்டை," என்றார். "கார் மேல சாயும்போது பட்டன் பட்டா பெயின்ட்ல கோடு விழும். அதனால மூடித் தைப்பாங்க. இப்ப இந்த இடது கையைப் பாரு."

கை வெட்டப்பட்டு, விளிம்பு மூடித் தைக்கப்பட்டிருந்தது. உள்ளே கைவிட்டுத் திருப்பினார். தையல் உறுத்தாமலிருக்கப் பழைய பனியன் துணியை உள்வரியாக வைத்திருந்தார்கள். பொம்மைக்காக யாரும் இவ்வளவு அக்கறையாகத் தைக்க மாட்டார்கள். இது ஒரு மனிதனின் கைக்கு அளவெடுத்தது.

கீழே இறங்கி, மதிவதனியின் எதிரில் ஒரு காலி பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார் தாண்டவராயன்.

"வந்தவனுக்கும் மேஸ்திரி சொன்ன பழக்கம் தெரியும். செத்தவன் சட்டைதான் பொம்மைக்கு. அவன் வந்து உங்க தம்பி சட்டையைக் கழட்டியிருக்கான். ஏன்? அது உயிரோட இருக்கறவன் சட்டை. அது தொங்கறதை அவனால பாத்துட்டுப் போக முடியல."

மதிவதனி எழுந்துவிட்டாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"அதே சமயம் வீட்டுக்குத் திருஷ்டி விழக் கூடாதுன்னும் நினைச்சிருக்கான். பொம்மையை வெறும் உடம்பா விடாம வேற சட்டை மாட்டியிருக்கான். அப்ப இது நிச்சயமா செத்துப்போனவர் சட்டை. கார் கம்பெனியில வேலை பார்த்து, ஒரு கை இல்லாம இருந்து, செத்துப்போனவர். அவர் வீட்டைக் கண்டுபிடிச்சா உங்க தம்பி எங்கன்னு தெரிஞ்சிடும்."

"அம்மாகிட்ட சொல்லட்டுமா?"

"வேண்டாம். இப்போதைக்கு என் கையில ஒரு சட்டைதான் இருக்கு, ஆள் இல்லை."

* * *

கம்பெனிகள் கொடுக்கும் யூனிஃபார்ம் யாருக்கும் அளவாக இருந்ததில்லை. ஒரகடம் கூட்டுரோட்டில் அதை வைத்தே நாலைந்து தையல்காரர்கள் பிழைக்கிறார்கள். மதிவதனியைக் காரிலேயே உட்காரவைத்துவிட்டு, இருவரும் கடை கடையாக ஏறினார்கள். முதல் இரண்டு கடைகளில் உதட்டைப் பிதுக்கினார்கள். மூன்றாவது கடையில் மெஷினை நிறுத்தாமலேயே சட்டையைப் பார்த்த சின்னப்பொண்ணு, உள்வரியைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"இது நான் தச்சது. தையலு உரசுனா புண்ணாவுதேன்னு நான்தான் பனியன் துணி வச்சேன். இது எப்படி உங்க கைக்கு வந்துது?"

"அவர் எப்பம்மா இறந்தார்?" என்று பதவிசாகக் கேட்டார் தாண்டவராயன்.

"யாரு?"

"சட்டைக்காரர்."

சின்னப்பொண்ணு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வாயக் கழுவுய்யா! போன சனிக்கெழம நீ நிக்கற எடத்துலதான் ஒக்காந்து டீ குடிச்சாரு அந்தத் தம்பி! செத்துட்டாராம்! வந்துட்டானுங்க காலங்காத்தால!"

மெர்சி இருவருக்கும் நடுவே புகுந்தாள். "அக்கா, அக்கா, சாருக்கு வயசாயிடுச்சி, உடுங்க. அந்தத் தம்பி எங்க இருக்காரு?"

"பென்னலூரு. ஏரிக்கரை ரோட்டுல லைன் வூடு, கடைசி கதவு." சின்னப்பொண்ணு கொஞ்சம் தணிந்தாள். "தங்கமான புள்ள. தகடு அமுக்கற பிரஸ் மெஷின்ல கை பூடுச்சி. இப்ப புதுக் கார் நிறுத்தற யார்டுல ஸ்கேன் பண்ற வேலை. போன தபா ஒரு பழைய சட்டைய எடுத்துனு வந்தாரு, நீலக் கட்டம். கைய அளவா வெட்டலாம்னு கத்திரிய வச்சேன். இத வெட்டாதக்கான்னு புடுங்கிக்கினு பூட்டாரு. கண்ணுல தண்ணி."

வெளியே வந்த தாண்டவராயன் நடுரோட்டில் நின்றுவிட்டார். ஒரு லாரி ஹாரன் அடித்தது. மெர்சி இழுத்து ஓரமாக நிறுத்தினாள்.

"ரிஜெக்ட்," என்றார் அவர். "என் கணக்கு மொத்தமும் ரிஜெக்ட்."

"இன்னா சார் சொல்றீங்க?"

"கயிறு, மெர்சி! முடிச்சுல பல் தடம்! ரெண்டு கை இருக்கறவன் எதுக்குக் கயித்தைப் பல்லால இழுத்துக் கட்டப்போறான்? கண்ணு முன்னாடி இருந்துது. பேய்க்கு பயந்து பாக்காம விட்டுட்டேன். சட்டைக்குச் சொந்தக்காரனும் சட்டையை மாட்டினவனும் ஒரே ஆள்."

மெர்சி யோசித்தாள். "ஆனா உசுரோட இருக்கறவன் தன் சட்டைய பொம்மைக்கு மாட்ட மாட்டானே சார்? கண்ணு அவன் மேலதானே பூடும்?"

"ஆமா."

"அப்ப எதுக்கு மாட்டுனான்?"

தாண்டவராயன் காரைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் மதிவதனி இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு விடை தெரிந்துவிட்டது. சொல்லத்தான் பிடிக்கவில்லை.

* * *

பென்னலூரில் அந்தக் கடைசிக் கதவை மெர்சி தட்டினாள். நைட் ஷிப்ட் பார்த்தவன் தூங்குகிற நேரம். உள்ளே பாய் நகர்ந்தது, தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு திறந்தது.

நீலக் கட்டம் போட்ட பழைய முழுக்கைச் சட்டை. பத்து வருஷம் பீரோவில் கிடந்த மடிப்பு இன்னும் போகவில்லை. அவன் வலது கை கதவைப் பிடித்திருந்தது. இடது சட்டைக் கை, வெட்டாமல், மடிக்காமல், முழு நீளத்துக்கும் வெறுமனே தொங்கியது.

காரை விட்டு இறங்கி வந்த மதிவதனி நாலடி முன்னாலேயே நின்றுவிட்டாள். பீரோவிலிருந்து அந்தச் சட்டையை எடுத்த கை, அவளுடைய கை.

"பகலா..."

அவன் முதலில் பயந்தான். பிறகு அவசர அவசரமாகப் பட்டனைக் கழற்றத் தொடங்கினான். "சட்டைக்காக வந்தியாக்கா? குடுத்துடறேன். திருடலக்கா. ஒண்ணுக்கு ஒண்ணு என் சட்டைய வச்சிட்டுத்தான் எடுத்தேன்."

மதிவதனி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிடித்தவள் விடவில்லை.

"எங்கடா போன?"

"பைக் தண்ணியில நின்னுபோச்சு. அங்கயே விட்டுட்டு மஞ்சுளாவோட வீட்டுக்குப் போயிட்டேன். கல்யாணம் பண்ணிக்கிட்டேன். அவளாலதானே அப்பாவுக்கு ஆகல. மூணு மாசத்துல கை போச்சு. ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணேன். அப்பா வந்தாரு. கைய மட்டும் பாத்தாரு, என் மூஞ்சியப் பாக்கல. உங்கம்மாவும் அக்காவும் உனக்குத் தலை முழுகிட்டாங்க, செத்தவன் செத்தவனாவே இருன்னாரு. அப்புறம் நம்ம வீட்டுப் போன் நம்பரும் மாறிப்போச்சு."

அப்பாவுக்குத் தெரியும். அம்மா ஒவ்வொரு ராத்திரியும் வாசல் விளக்கை அணைக்க விடாமல் சண்டை போட்டபோது, ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவுக்குத் தெரியும். இத்தனை நாள் அந்த வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது தம்பி அல்ல, அப்பா சொன்ன பொய் என்று அவளுக்கு இப்போது புரிந்தது.

"நான் நம்பலக்கா," என்றான் பகலவன். "நீங்க அப்படிச் செய்ய மாட்டீங்கன்னு நினைச்சேன். அப்பா இருக்கற வீட்டுக்கு வரத்தான் தைரியம் இல்ல. என்னைக்காவது வீட்டத் திறப்பீங்க, வந்து நிக்கலாம்னுதான் அந்த ரோட்டு பஸ்லயே போயிட்டிருந்தேன். வீட்டத் திறந்தீங்க. பஸ்லேர்ந்து பாத்தேன். என் சட்டை பொம்மையில தொங்குச்சு. செத்தவன் சட்டையத்தானே போடுவாங்க. அப்ப அப்பா சொன்னது நிஜம்தான்னு புரிஞ்சிக்கிட்டேன். சரி, செத்தவன் சட்டைதானே வேணும், இப்ப போடற சட்டையே தொங்கட்டும், உங்க வீட்டு மேல விழற கண்ணு என் மேல விழட்டும், அம்மா எடுத்துக் குடுத்தது மட்டும் எனக்கு வேணும்னு..." அக்காவை நிமிர்ந்து பார்த்தான். "நீயாக்கா மாட்டின?"

"ஆமாண்டா," என்றாள் மதிவதனி. பொய் சொல்லியிருக்கலாம். மேஸ்திரி தலையில் கட்டியிருக்கலாம். "நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நீ போயிட்டேன்னு நான் நம்பிட்டேன். அம்மா நம்பல. இன்னி வரைக்கும் நம்பல."

அவன் அக்காவின் தோளில் தலையை வைத்து அழுதான். மெர்சி தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

தாண்டவராயன் செல்போனை எடுத்தார். "ஐயருக்கு நான் சொல்லிடறேன், வர வேண்டாம்னு."

மதிவதனி கண்ணைத் துடைத்துக்கொண்டு ரகுபதிக்குப் போன் போட்டாள். "மேஸ்திரி, பொம்மை சட்டை இல்லாம இருக்கும். கீழ் ரூம்ல ஆணியில அப்பாவோட வெள்ளைச் சட்டை தொங்குது. அதை எடுத்து மாட்டிடுங்க." அந்தப் பக்கம் ரகுபதி ஏதோ தயங்கினார். "ஆமா, அப்பா சட்டைதான். ரெண்டு கையும் வச்சுக் கட்டுங்க."

அடுத்து அம்மாவை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்தது. எடுத்தும் அந்தப் பக்கம் பேச்சில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"அம்மா," என்றாள் மதிவதனி. "நீ சொன்னதுதாம்மா சரி. என் பக்கத்துலதான் நிக்கறான்."

அம்மா செல்லம்மாள் ஓவென்று அழுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் அழவில்லை. இருபது வருஷத்துக்கு முந்தைய ஸ்கூல் காலை நேரம் போல, அவசரமாக ஒன்று கேட்டாள்.

"எந்தச் சட்டை போட்டிருக்கான்?"

"நீலக் கட்டம்மா."

"அய்யோ, அதுல இடது கைப் பட்டன் அறுந்து கிடந்துதே! தச்சுக் குடுக்கறதுக்குள்ள கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான். பட்டனை எடுத்து வச்சிருக்கேன், பத்திரமா வச்சிருக்கேன். உடனே கூட்டிட்டு வா. கைய நீட்டிக்கிட்டு நின்னான்னா ஒரு நிமிஷத்துல தச்சுடுவேன்."

மதிவதனி தம்பியைப் பார்த்தாள். பட்டன் இல்லாத அந்தச் சட்டைக் கை காற்றில் லேசாக ஆடியது.

"சரிம்மா," என்றாள். "கூட்டிட்டு வரேன்."